ஃபங்ஷனைத் திருத்தியாச்சு, ரிப்போர்ட் மட்டும் இன்னும் தப்பாவே வருது (போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ்)

கல்லாப்பெட்டி:
வணக்கம் மக்களே. 24 மணி நேரமும் திறந்திருக்கிற மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எங்களோடது. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வச்சுட்டுப் போன ஒரு ஃபங்ஷன்தான் இப்ப தலைவலி. பில் போட்ட நேரத்தைக் கொடுத்தா எந்த நிதியாண்டுன்னு சொல்லும். மொபைல்ல டைப் பண்றதால கோடு ஒட்ட முடியல, வார்த்தையில சொல்றேன்: உள்ளே வர்றது டைம்சோனோட இருக்கிற டைம்ஸ்டாம்ப். அதுலேர்ந்து மாதத்தை எடுக்கும். 4-க்குக் கீழேன்னா வருஷத்துல ஒண்ணு கழிச்சுத் திருப்பித் தரும். நேரம் நல்-ஆ (மதிப்பே இல்லாம) வந்தா இப்போதைய நேரத்தை வச்சுக்கும். லேபிள் இம்மியூட்டபிள், அதாவது ஒரே உள்ளீட்டுக்கு எப்பவும் ஒரே விடைதான்னு அர்த்தம். இந்த ஃபங்ஷன் மேல ஒரு இண்டெக்ஸும் (வேகமாத் தேடறதுக்கான பட்டியல்) இருக்கு.

ஆடிட்டர் கேட்டது 2024 ஏப்ரல் 1 அதிகாலை 1:44-க்குப் போட்ட ஒரு பில்லைப் பத்தி. அது 2023-24 கணக்குல உக்காந்திருக்கு. யூடிசி-யில (உலகப் பொது நேரம்) பார்த்தா அது மார்ச் 31 இரவு 8:14, அதனாலதான்னு புரிஞ்சுது. ஃபங்ஷனுக்குள்ள ஏசியா கொல்கத்தா டைம்சோனை நேரடியா எழுதி கிரியேட் ஆர் ரீப்ளேஸ் (இருக்கிற ஃபங்ஷனை மாத்தி எழுதற கட்டளை) அடிச்சேன். இப்ப அந்த பில் நேரத்தைக் கொடுத்து ஃபங்ஷனைத் தனியா கூப்பிட்டா 2024-னு சரியா வருது.

ஆனா மொத்த வருஷ ரிப்போர்ட்டுல அந்த பில் இன்னும் இல்லை. கிளைவாரி ரிப்போர்ட்டுல இருக்கு! ரெண்டுலயும் கண்டிஷன் ஒண்ணுதான், நிதியாண்டு 2024. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியும் பார்த்தாச்சு. யாராச்சும் வழி சொல்லுங்க.

பழைய_டிபிஏ:
ரீஸ்டார்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. ரெண்டு குவெரிக்கும் எக்ஸ்பிளெய்ன் (டேட்டாபேஸ் எப்படித் தேடப் போகுதுன்னு காட்டற கட்டளை) போட்டுப் பாருங்க. ஃபங்ஷன் பேர் ஒண்ணுல இண்டெக்ஸ் கண்டிஷன்கிற வரியிலயும் இன்னொண்ணுல ஃபில்டர்கிற வரியிலயும் இருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் உங்க செஷன்ல (இந்த ஒரு கனெக்ஷன்ல) மட்டும் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூணையும் ஆஃப் பண்ணிட்டு அதே வருஷ ரிப்போர்ட்டை எண்ணிப் பாருங்க.

கல்லாப்பெட்டி:
அப்படியேதான் இருக்கு அண்ணே. வருஷ ரிப்போர்ட் நிதியாண்டு இண்டெக்ஸ்ல பிட்மேப் ஸ்கேன் போகுது. கிளைவாரி ரிப்போர்ட் கிளை இண்டெக்ஸ்ல போய்ட்டு நிதியாண்டை ஃபில்டரா வைக்குது. மூணையும் ஆஃப் பண்ணினதும் எண்ணிக்கை 165 கூடுது. டேபிள் ஒண்ணு, கண்டிஷன் ஒண்ணு, விடை மட்டும் ரெண்டு. இது டேட்டாபேஸோட பக்-ஆ (பிழையா)?

பழைய_டிபிஏ:
பக் இல்லை. இம்மியூட்டபிள்னு எழுதிக் கொடுத்தா போஸ்ட்கிரெஸ் அதை நம்பும், சரிபார்க்காது. அந்த லேபிள் அங்க எப்படி வந்திருக்கும்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. இண்டெக்ஸ் போடப் போனப்ப, "இண்டெக்ஸ் எக்ஸ்பிரஷன்ல வர்ற ஃபங்ஷன் இம்மியூட்டபிள்னு குறிக்கப்பட்டிருக்கணும்"னு எரர் வந்திருக்கும். சொன்னபடியே குறிச்சுட்டுப் போய்ட்டார். அந்த எரர் வாசகமே ஆளைக் குழியில தள்ளுற வாசகம்தான், அதை எழுதினவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம்.

உங்க விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ்ல ஒரு வரியோட மதிப்பு, அந்த வரி உள்ளே போற நேரத்துல ஒரு தடவை கணக்காகி அப்படியே உறைஞ்சுடும். ரிப்போர்ட் ஓடும்போது போஸ்ட்கிரெஸ் உங்க ஃபங்ஷனை ஒவ்வொரு பில்லுக்கும் ஓட்டிப் பார்க்கறதில்லை. இண்டெக்ஸ்ல 2024-னு எழுதியிருக்கிற வரிகளை எடுத்துட்டு வந்துடும், அவ்வளவுதான். பிட்மேப் ஸ்கேன்ல ரீசெக் கண்டிஷன்னு ஒரு வரி பார்த்திருப்பீங்க. அது பிட்மேப் மெமரிக்குள்ள அடங்காம பக்கம் பக்கமா சுருங்கும்போது மட்டும்தான் ஓடும், காப்பாத்த வராது. கிளைவாரி ரிப்போர்ட்டுல ஃபங்ஷன் ஃபில்டரா இருக்கறதால ஒவ்வொரு வரிக்கும் புதுசா ஓடுது, நீங்க திருத்தின கோடு அங்க மட்டும் வேலை செய்யுது.

கிரியேட் ஆர் ரீப்ளேஸ், ஃபங்ஷனோட உடம்பைத்தான் மாத்தும். அதை நம்பிக் கட்டின இண்டெக்ஸைத் தொடாது, எச்சரிக்கையும் கொடுக்காது. டிராப் ஃபங்ஷன் அடிச்சிருந்தா இண்டெக்ஸ் இதை நம்பி இருக்குன்னு தடுத்திருக்கும். ரீப்ளேஸுக்கு அந்தத் தடுப்பு கிடையாது.

கல்லாப்பெட்டி:
சரி, புரியுது. ஆனா நடுராத்திரியிலேர்ந்து காலை 5:30 வரைக்கும் போட்ட ஏப்ரல் 1 பில் எல்லாமே தப்பா இருந்தா ஒத்துக்கலாம். சிலது சரியா இருக்கே? 1:44 பில் தப்பு, அதே ராத்திரி 2:10 பில் சரி. ஒரே ஃபங்ஷன்தானே?

நடுநிசி_பேட்ச்:
உங்க அப்ளிகேஷன் ஜாவாவா? அப்போ ஜேடிபிசி டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோட இணைக்கிறது) கனெக்ட் ஆகும்போதே ஜேவிஎம்-மோட (ஜாவா ஓடற தளம்) டைம்சோனை எடுத்து செஷன் டைம்சோனா வச்சுடும். உங்க ஆப் சர்வர் இந்திய நேரத்துல ஓடினா அந்தச் செஷன் முழுக்க இந்திய நேரம்தான். அதே டேபிளுக்குள்ள பைத்தான் ஸ்கிரிப்டோ பிஎஸ்கியூஎல்லோ (போஸ்ட்கிரெஸ் கமாண்ட்லைன் டூல்) எழுதினா, வேற ஏதும் செட் பண்ணலன்னா, சர்வரோட டீஃபால்ட்டை எடுத்துக்கும். கிளவுட் மெஷின்னா பெரும்பாலும் அது யூடிசி.

நெட் போன கிளையிலேர்ந்து அப்புறமா பில்களை ஏத்துற சிங்க் ஸ்கிரிப்ட் ஏதாச்சும் இருக்கா?

கல்லாப்பெட்டி:
இருக்கு. பைத்தான். 1:44 பில் அந்தக் கிளையோடதுதான்!

நடுநிசி_பேட்ச்:
அப்போ முடிஞ்சுது. எந்தச் செஷன் எழுதுச்சோ அந்தச் செஷனோட நேரப்படி இண்டெக்ஸ்ல வருஷம் ஏறியிருக்கு. இன்னும் ஒண்ணு கவனிங்க. பில் நேரத்தைத் தொடாம வேற காலத்தை (காலம்னா இங்க டேபிளோட நெடுவரிசை) அப்டேட் பண்ணினாலும், ஹாட் அப்டேட்டா (இண்டெக்ஸைத் தொடாம முடியற அப்டேட்) போகாதபட்சத்துல அந்த வரிக்குப் புது இண்டெக்ஸ் என்ட்ரி விழும், அப்ப ஃபங்ஷன் மறுபடி ஓடும். அதனால ஆப்ல போட்ட சரியான பில்லை ராத்திரி பேட்ச் "செட்டில்டு"னு மாத்தினதாலேயே அது போன வருஷத்துக்குப் போயிருக்கலாம். இந்த மாதிரி கேஸைத் தேடி எடுக்கறது கொடுமை, ஏன்னா கிரியேட் பண்ண நேரம், பயனர் எல்லாமே பார்க்க ஒழுங்கா இருக்கும்.

நல் வந்தா இப்போதைய நேரம்னு சொன்னீங்களே, அது இதைவிட மோசம். தேதி போடாத டிராஃப்ட் பில் எல்லாம் எந்த வருஷம் உள்ளே வந்துச்சோ அந்த வருஷத்துல நிக்கும். அந்த வரியைத் தூக்கிடுங்க. ஃபங்ஷனை ஸ்டிரிக்ட்னு போட்டுட்டா நல் போனா நல்லே திரும்பும், உடம்பு ஓடவே ஓடாது.

குறுக்குவழி:
இவ்வளவு எதுக்கு ப்ரோ? யூடிசி நேரத்தோட 5 மணி 30 நிமிஷம் கூட்டிட்டு மாதத்தை எடுத்தா போச்சு. இந்தியாவுல டேலைட் சேவிங்கும் கிடையாது. சிம்பிள்.

வடமராட்சி:
இந்தியாவுக்கு உது சரிவரும், இப்போதைக்கு. எங்கட பக்கம் செய்து பாருங்கோ தெரியும். இலங்கையில 1996 மே மாசம் நேரத்தை ஆறரை மணித்தியாலமாக்கினவை, அதே வருசம் ஒக்டோபரில ஆறு மணித்தியாலமாக்கினவை, 2006 ஏப்ரலிலதான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. பழைய பதிவுகள் உள்ள டேபிளில ஐந்தரையைக் கூட்டினால், அந்தப் பத்து வருசத்து நள்ளிரவுப் பதிவுகள் எல்லாம் ஒரு நாள் முந்தி நிக்கும். ஏசியா கொழும்பு எண்டு பேரைக் குடுத்தால் போஸ்ட்கிரெஸ் உந்த வரலாறு முழுக்கத் தெரிஞ்சு வைச்சுக் கணக்குப் பாக்கும். பேரைக் குடுங்கோ, எண்ணைக் குடுக்காதேங்கோ.

பழைய_டிபிஏ:
சரியான பாயிண்ட். அதோட இன்னொரு விஷயம்: டைம்சோன் பேரை டெக்ஸ்டா கொடுத்து மாத்துற அட் டைம்சோன், போஸ்ட்கிரெஸ்லயே இம்மியூட்டபிள்னு குறிச்சிருக்கு. டைம்சோனோட இருக்கிற டைம்ஸ்டாம்பை நேரடியா டேட் வகைக்கு காஸ்ட் பண்றதும் (மாத்தறதும்), அதுலேர்ந்து மாதம் எடுக்கறதும் ஸ்டேபிள், அதாவது செஷன் செட்டிங்கைப் பொறுத்து விடை மாறலாம். அதனால முதல்ல டைம்சோனைக் கழட்டிட்டு அப்புறம் மாதம் எடுத்தா உங்க லேபிள் உண்மையாகும். நீங்க திருத்தினது அப்படித்தான்னா ஃபங்ஷன் சரி.

முழுக்க உண்மைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். டைம்சோன் டேட்டா அப்டேட் வந்து ஏதோ ஒரு நாடு பழைய தேதிக்கு விதியை மாத்தினா அந்த இண்டெக்ஸும் ஆடும். கொல்கத்தாவுக்கு அந்தக் கவலையை நான் படமாட்டேன்.

நேரா_சொல்றவன்:
பிசினஸ் லாஜிக்கை டேட்டாபேஸுக்குள்ள வச்சா இப்படித்தான். ஃபங்ஷனே வேண்டாம், எல்லாத்தையும் ஆப்ல எழுதுங்க.

நடுநிசி_பேட்ச்:
ஆப் ஜாவா, சிங்க் பைத்தான், ரிப்போர்ட் வேற ஒரு டூல். மூணு இடத்துல மூணு நிதியாண்டு எழுதினா இதே 165 பில் வேற ரூபத்துல வரும். இந்தச் சண்டையை வேற இழையில வச்சுக்கலாமே.

கல்லாப்பெட்டி:
ஃபங்ஷன் அண்ணன் சொன்ன மாதிரிதான் இருக்கு, நல் விஷயத்தை மட்டும் இன்னிக்கு எடுத்துடறேன். இப்ப இண்டெக்ஸை என்ன பண்றது? ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி (எழுதறதை நிறுத்தாம இண்டெக்ஸைத் திரும்பக் கட்டறது) அடிச்சா போதுமா? கடை 24 மணி நேரமும் ஓடுது, டேபிளைப் பூட்ட முடியாது.

பழைய_டிபிஏ:
போதும். 12-லேர்ந்து ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி இருக்கு. முடிஞ்சதும் ஆம்செக் எக்ஸ்டென்ஷன்ல பிட்ரீ இண்டெக்ஸ் செக்கை, ஹீப் ஆல் இண்டெக்ஸ்டு ஆன் பண்ணி ஓட்டிப் பாருங்க. டேபிள்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் இண்டெக்ஸ்ல இருக்க வேண்டிய என்ட்ரி இருக்கான்னு தேடும். ரீஇண்டெக்ஸுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டினா அது கத்தும், அந்தக் கத்தலைப் பார்த்து வச்சுக்கிட்டா மத்த டேபிளுக்கும் உதவும்.

மெதுவா_மெதுவா:
எனக்கு இதுல உடன்பாடு இல்லை. இவர் கேஸ்ல ஃபங்ஷன் ஏற்கெனவே மாறிடுச்சு, அதனால ரீஇண்டெக்ஸ்தான் வழி. ஆனா இனிமே திருத்தப் போறவங்க இந்த வரிசையில போகாதீங்க. ரீப்ளேஸ் அடிச்ச நொடியிலேர்ந்து ரீஇண்டெக்ஸ் முடியற வரைக்கும் பழைய இண்டெக்ஸ், புது ஃபங்ஷன். அந்த இடைவெளியில ஓடுற ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சந்தேகம். ரெண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷன்ல போடலாம்னா கன்கரன்ட்லி டிரான்ஸாக்ஷனுக்குள்ள ஓடாது. சாதா ரீஇண்டெக்ஸ் உள்ளே ஓடும், ஆனா டேபிள்ல எழுதறதை நிறுத்திடும். படிக்கிற குவெரியும் பிளான் போடற கட்டத்திலேயே அந்த இண்டெக்ஸ் பூட்டுல மாட்டும். சின்ன டேபிள்னா ஓகே.

நான் பண்றது: புதுப் பேர்ல புது ஃபங்ஷன். அது மேல கன்கரன்ட்லி புது இண்டெக்ஸ். அப்புறம் டேபிளுக்கு ஒரு அனலைஸ். இதை நிறையப் பேர் விட்டுடறாங்க. எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸுக்கான புள்ளிவிவரம் அனலைஸ் ஓடினாத்தான் வரும், அதுவரைக்கும் பிளானர் குருட்டுக் கணக்குல ஓட்டும். பிறகு குவெரிகளை ஒவ்வொண்ணா புதுப் பேருக்கு மாத்து. கடைசியா பழைய ஃபங்ஷனை கேஸ்கேட் போடாம டிராப் அடி. எது இன்னும் பழசைப் பிடிச்சுத் தொங்குதுன்னு எரரே சொல்லும். கேஸ்கேட் போட்டா அந்த இண்டெக்ஸ், வியூ எல்லாத்தையும் சேர்த்து வாரிட்டுப் போயிடும், கையை வைக்காதீங்க.

ஒரு ஓட்டை உண்டு: பிஎல்பிஜிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸோட நிரல்மொழி) ஃபங்ஷனுக்குள்ள இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தா அது டிபென்டென்சில வராது, ஏன்னா உடம்பு வெறும் எழுத்தா சேமிச்சிருக்கு. ஃபங்ஷன்களைச் சேமிச்சிருக்கிற பிஜி ப்ராக் டேபிள்ல சோர்ஸ் காலத்துல பேரைத் தேடித்தான் பிடிக்கணும்.

பழைய_டிபிஏ:
ஒத்துக்கறேன், ஓடிக்கிட்டிருக்கிற கடைக்கு அதுதான் நல்லது.

செட்டிநாட்டு_சர்வர்:
எஸ்கியூஎல் சர்வர் ஆள் நான், எட்டிப் பார்க்க வந்தேன். அங்க ஃபங்ஷன் டிடெர்மினிஸ்டிக்கா இல்லையான்னு எஞ்சினே பார்த்து முடிவு பண்ணும், நாம எழுதிக் கொடுக்க முடியாது. ஸ்கீமாபைண்டிங் (ஃபங்ஷன் நம்பியிருக்கிற டேபிள்களை மாத்தவிடாத செட்டிங்) வேற போடணும். கம்ப்யூட்டட் காலமோ செக் கன்ஸ்டிரெய்ன்ட்டோ அந்த ஃபங்ஷனைப் பிடிச்சிருந்தா ஆல்டர் அடிக்கவே விடாது. தினமும் திட்டுவேன், இந்த இழையைப் படிச்சதும் கொஞ்சம் குறைச்சுக்கறேன். ஆனா எங்களுக்கும் ஒரு கூத்து இருந்துச்சு. 2019-ல ஸ்கேலர் ஃபங்ஷனைக் குவெரிக்குள்ளேயே இன்லைன் பண்ணும் வசதி வந்துச்சு. வேகம் நல்லாத்தான் இருந்துச்சு, சில ஃபங்ஷனுக்கு மட்டும் ஆரம்பத்துல தப்பான விடை வந்து, க்யூமுலேட்டிவ் அப்டேட்ல ஒவ்வொண்ணா சரிபண்ணாங்க. சந்தேகம் வந்தா அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் இன்லைன் ஆஃப்னு போட்டு விடையை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மெதுவா_மெதுவா:
ஆரக்கிள் இந்த விஷயத்துல போஸ்ட்கிரெஸ் பக்கம். டிடெர்மினிஸ்டிக்னு எழுதினா நம்பிக்கும். ஃபங்ஷனை மாத்தினா இண்டெக்ஸை நீதான் ரீபில்டு பண்ணிக்கணும்.

தூத்துக்குடி_டெவ்:
இதே இடத்துல என் கேள்வியும். 16-லேர்ந்து 17-க்கு மாறினோம். இண்டெக்ஸ்ல இருக்கிற ஒரு இம்மியூட்டபிள் ஃபங்ஷன், உள்ளே வரி விகித டேபிள்லேர்ந்து செலக்ட் பண்ணுது. 16-ல ஒழுங்கா ஓடுச்சு. இப்ப ரீஇண்டெக்ஸ் அடிச்சா அந்த டேபிளே இல்லைன்னு எரர். டேபிள் கண்ணு முன்னாடி இருக்கு!

பழைய_டிபிஏ:
17-லேர்ந்து ரீஇண்டெக்ஸ், கிரியேட் இண்டெக்ஸ், அனலைஸ், வாக்யூம், மெட்டீரியலைஸ்டு வியூ ரெஃப்ரெஷ் எல்லாம் பாதுகாப்பான சர்ச் பாத்தோடதான் (எந்தெந்த ஸ்கீமாவுல, அதாவது டேபிள் தொகுப்புல, பேரைத் தேடணும்ங்கற பட்டியல்) ஓடும். உங்க ஸ்கீமா அதுல இல்லை. 2018 மார்ச்ல வந்த பாதுகாப்புத் திருத்தத்துலேர்ந்தே பேக்கப் எடுக்கற பிஜி டம்ப் சர்ச் பாத்தைக் காலி பண்ணித்தான் ரீஸ்டோர் பண்ணுது, அதனால உங்க பேக்கப்பும் ரீஸ்டோர் ஆகியிருக்காது. எடுத்துப் பார்த்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

எரர் போகணும்னா டேபிள் பேருக்கு முன்னாடி ஸ்கீமா பேரைப் போடுங்க. ஆல்டர் ஃபங்ஷன்ல சர்ச் பாத் செட் பண்ணியும் தப்பிக்கலாம், ஆனா எஸ்கியூஎல் மொழியில எழுதின ஃபங்ஷன்னா செட் போட்டதும் இன்லைன் ஆகாது, வேகம் அடிவாங்கும்.

எரர் போனாலும் நோய் போகாது. டேபிளைப் படிக்கிற ஃபங்ஷன் இம்மியூட்டபிளே இல்லை. வரி விகிதம் மாறின அன்னிக்கு இவரோட 165 பில் உங்களுக்கும் வரும். அந்த மதிப்பைத் தனிக் காலமா வச்சு டிரிக்கர்ல நிரப்புங்க, சாதா இண்டெக்ஸ் போடுங்க.

தூத்துக்குடி_டெவ்:
பேக்கப் விஷயம் உண்மை. மூடிக்கிட்டுப் போய் ரீஸ்டோர் டெஸ்ட் பண்றேன்.

புதுமுகம்:
எனக்கு ரீப்ளேஸ் அடிச்சும் பழைய விடையேதான் வருது, இண்டெக்ஸே இல்லை. பாராமீட்டரை டேட்டிலேர்ந்து டைம்ஸ்டாம்பா மாத்தினேன், அவ்வளவுதான்.

நடுநிசி_பேட்ச்:
டைப் மாறினா அது ரீப்ளேஸ் இல்லை, அதே பேர்ல ரெண்டாவது ஃபங்ஷன். பேக்ஸ்லாஷ் டிஎஃப் (ஃபங்ஷன் பட்டியலைக் காட்டற கட்டளை) போட்டுப் பாருங்க, ரெண்டும் இருக்கும். உங்க குவெரி டேட் காலத்தை அனுப்புது, பழசைத்தான் கூப்பிடுது. பழசை டைப்போட சொல்லி டிராப் பண்ணுங்க. ஒருவேளை ஒண்ணுதான் தெரிஞ்சா, வேற ஸ்கீமாவுல கிரியேட் ஆகியிருக்கான்னு நட்சத்திரம் புள்ளி போட்டுத் தேடுங்க.

இனிமே டிரான்ஸாக்ஷன் ஆரம்பிச்சு, ரீப்ளேஸ் அடிச்சு, தெரிஞ்ச உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்த்து, திருப்தி இல்லைன்னா ரோல்பேக் பண்ணுங்க. போஸ்ட்கிரெஸ்ல ஃபங்ஷன் மாத்தறதும் டிரான்ஸாக்ஷனுக்குள்ள அடங்கும். மைஎஸ்கியூஎல்லயும் ஆரக்கிள்லயும் இந்த சொகுசு கிடையாது, அடிச்ச உடனே கமிட். பிஎல்பிஜிஎஸ்கியூஎல் செக்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதையும் போட்டுக்குங்க. ஃபங்ஷனை ஓட்டாமலே உள்ளே இல்லாத காலம், இல்லாத டேபிள் எல்லாத்தையும் சொல்லும்.

கல்லாப்பெட்டி:
ரீஇண்டெக்ஸ் முடிஞ்சுது. ஆம்செக் முன்னாடி கத்துச்சு, இப்ப சத்தமில்லை. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே எண்ணிக்கை. நன்றி அண்ணே, நன்றி நடுநிசி.

ஆனா இந்த ஃபங்ஷனை வேற எது நம்பி இருக்குன்னு தேடப் போனா இன்னும் ரெண்டு இடம் மாட்டுது. பில் டேபிள்ல நிதியாண்டுன்னு ஸ்டோர்டு ஜெனரேட்டட் காலம் (டேட்டாபேஸே கணக்குப் போட்டுச் சேமிக்கிற காலம்) ஒண்ணு. அது இன்னும் பழைய மதிப்புலயே இருக்கு. அப்புறம் உள் வவுச்சர் எண்ணோட முதல் நாலு இலக்கமும் இந்த ஃபங்ஷன் தர்ற வருஷமும் ஒண்ணா இருக்கணும்னு ஒரு செக் கன்ஸ்டிரெய்ன்ட். சிங்க் ஸ்கிரிப்ட் போட்ட வவுச்சர் எல்லாம் 2023-னு ஆரம்பிக்குது.

மெதுவா_மெதுவா:
ஜெனரேட்டட் காலமும் ஃபங்ஷன் மாறினா தானா மாறாது. 17-ஆ இருந்தா ஆல்டர் காலம் செட் எக்ஸ்பிரஷன் ஒரு வழி, முழு டேபிளையும் திருப்பி எழுதும். 15-ல பில் நேரத்தை அதே பில் நேரமா அப்டேட் பண்ணினா மறுபடி கணக்காகும். எல்லா வரிக்கும் அடிக்காதீங்க. காலத்துல இருக்கிற மதிப்பும் ஃபங்ஷன் இப்ப சொல்ற மதிப்பும் வேறயா இருக்கிற வரிகளுக்கு மட்டும் அடிங்க. நல்லும் இருக்கும்ங்கறதால ஒப்பிட இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் போடுங்க.

ஆனா செக் இருக்கும்போது அந்த அப்டேட் ஃபெயில் ஆகும். இப்போதைக்கு யாரும் அந்த வரிகளைத் தொடாததால சும்மா இருக்கு. பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணினா டேட்டா ஏறும்போதே செக் ஓடும், அந்த டேபிள் ஏறாது. வவுச்சர் எண்ணை மாத்த முடியுமா?

கல்லாப்பெட்டி:
ஆடிட்டர் கூடாதுங்கறார். அந்த எண் ஏற்கெனவே கணக்கு சாஃப்ட்வேருக்குப் போயிடுச்சு, எண் அப்படியே இருக்கட்டும், வருஷம் மட்டும் சரியா இருக்கணும்னு சொல்றார். செக்கை டிராப் பண்ணிட்டு, அப்டேட் முடிச்சு, நாட் வேலிட்னு திருப்பிப் போட்டா பழைய வரிகளை விட்டுடும்தானே?

மெதுவா_மெதுவா:
போடும்போது மட்டும்தான் விட்டுடும். நாட் வேலிட்னாலும் அதுக்கப்புறம் அந்த வரியை யார் அப்டேட் பண்ணினாலும் செக் ஓடும். வாடிக்கையாளர் மருந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தா அந்த 1:44 பில்லுல ரிட்டர்ன் போட முடியாம கவுன்டர்ல எரர் வரும். கண்டிஷனையே மாத்துங்க: பில் நேரம் நீங்க திருத்தின தேதிக்கு முந்தினதா இருக்கணும், இல்லைன்னா வவுச்சரும் வருஷமும் பொருந்தணும். தேதியை மாறாத எழுத்தா எழுதுங்க, டைம்சோன் ஆஃப்செட்டோட. அதை நாட் வேலிட்டா சேர்த்துட்டு, பின்னாடி வேலிடேட் அடிங்க. அப்படிப் பண்ணினா டேபிள்ல எழுதறது நிக்காது.

சிங்க் ஸ்கிரிப்ட் வவுச்சர் எண்ணை எங்கேர்ந்து எடுக்குதுன்னும் பார்த்துடுங்க. இதே ஃபங்ஷனைக் கூப்பிட்டா பிரச்சினை இல்லை. பைத்தான்லயே வருஷம் கணக்குப் போட்டா, வர்ற ஏப்ரல் 1 ராத்திரி செக் அதைத் தடுக்கும், கிளை பில் எதுவும் ஏறாது.

கல்லாப்பெட்டி:
பைத்தான்லயேதான் போடுது. நாளைக்கே அதை ஃபங்ஷனைக் கூப்பிட வைக்கிறேன்.